இரண்டாவது போல்ட்

“ஒடச்சுட்டியே பாய்! நல்லா இருந்த போல்ட்ட ஒடச்சுட்டியே!”

ஆதிகேசவன் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரோடு வந்துவிட்டார்கள். வாணியம்பாடியில் வேடிக்கை பார்க்க ஆளுக்கா பஞ்சம்?

மெக்கானிக் இஷ்தியாக் அகமது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குனிந்து பார்த்தார்.

பிரேக் பேடு மாற்றத்தான் பைக் வந்திருந்தது. டிஸ்க் பிரேக்கை வண்டியோடு பிடித்திருப்பவை மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டே போல்ட்டுகள். மேலே இருந்தது சுலபமாகக் கழன்றது. கீழே இருந்ததில் ஸ்பேனரைப் போட்டதும் தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. மீதி உள்ளேயே மாட்டிக்கொண்டது.

“உப்பு ஆதி. உள்ள பூரா அரிச்சிருக்கு.”

“உப்பாவது மண்ணாவது! உன் கை முரட்டுக் கை, அதச் சொல்லு.”

ஆதிகேசவனுக்குத் தோல் மண்டியில் வேலை. உப்புப் போட்ட பச்சைத் தோலைக் கட்டுக் கட்டாகப் பைக்கில் ஏற்றி, பதனிடும் டேனரிக்குக் கொண்டுபோவார். கோணியை மீறி உப்புத் தண்ணீர் வழியெல்லாம் சொட்டும். வண்டியைக் கழுவ அவருக்கு ஒருநாளும் நேரம் இருந்ததில்லை.

போன் அடித்தது. பார்த்துவிட்டு வெடுக்கென்று கட் செய்தார்.

“சூர்யாவா?” என்றார் பாய்.

“வேற யாரு? ஞாயித்துக்கெழம ஆம்பூர்ல நிச்சயமாம். அண்ணன் வந்து தட்டு மாத்தணுமாம். எந்த மூஞ்சிய வச்சிக்கினு கூப்புடறான்?”

அப்பா அம்மா இல்லாத வீடு. தம்பி சூரியபிரகாஷுக்குத் தட்டு மாற்ற வேண்டியவர் அண்ணன்தான். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால், அண்ணன் மகள் தமிழினியை இதே பைக்கில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனபோது சூர்யா கீழே விழுந்தான். பிள்ளைக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பிளேட் வைத்தும் இன்னும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள். அன்றைக்கே தம்பியின் துணிமணியைத் தெருவில் எறிந்தார் ஆதிகேசவன். அவன் ஆம்பூரில் ஷூ கம்பெனி நண்பனோடு தங்கிவிட்டான்.

“கண்ணுமண்ணு தெரியாம ஓட்டி என் கொழந்த கால ஒடச்சவன் அவன். நான் போக மாட்டேன். அண்ணன் செத்துட்டான்னு சொல்லிக்கட்டும்.”

பாய் உடைந்த முனையில் எண்ணெய் விட்டார். அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு அடித்தார். ஆறியதும் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினார். நட்டு பிய்த்துக்கொண்டு வந்தது.

“வேல தெரியாதவன்கிட்ட குடுத்தா இதான் கதி” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“கேட்டியா பாய்? ஊரே சொல்லுது.”

பாய் காது கொடுக்கவில்லை. மறுபடி எண்ணெய், மறுபடி வெல்டு. இந்த முறை கால் சுற்று திருப்பி, பின்னால் வந்து, மறுபடி கால் சுற்று. முக்கால் மணி நேரம் போனது. சுவாரசியம் இல்லையென்று கூட்டமும் கலைந்தது.

கடைசியில் கிறீச்சென்று போல்ட் வெளியே வந்தது. எலி கடித்த பென்சில் மாதிரி இருந்தது.

“பாரு. இந்தக் கொஞ்சம்தான் பளபளன்னு இருக்கு, இன்னிக்கு ஒடஞ்சது. மிச்சமெல்லாம் கறுப்பு. எப்பவோ விட்டுப் போச்சு.”

“உன் தப்ப மட்டும் ஒத்துக்கவே மாட்டியே.”

பாய் எழுந்தார். அலமாரி மூலையில் இருந்த ஒரு டப்பாவிலிருந்து துணியில் சுற்றிய எதையோ எடுத்து வந்து பிரித்தார். இன்னொரு போல்ட். அதுவும் பாதியில் முறிந்து, அதே மாதிரி அரித்துப் போயிருந்தது.

“இதுவும் உன் வண்டிதான். மேல் போல்ட்டு.”

“இத எப்ப கழட்டின?”

“பாப்பா விழுந்த மறுநாள். விழுந்த எடத்துல கெடந்த வண்டிய சூர்யாதான் தள்ளிக்கினு வந்தான். பிரேக்க மிதிச்சிருக்கான், மேல் போல்ட்டு விட்டுப் போச்சு. பிரேக்கு சுத்திக்கினு போய் வீல்ல மாட்டிக்கிச்சு. எவன் ஓட்டியிருந்தாலும் விழுந்திருப்பான். மேல புதுசு போட்டேன். கீழ இருந்தது வெளிய பாக்க நல்லா இருந்துச்சு, ஏமாந்து விட்டுட்டேன். அது மட்டும் என் தப்பு.”

ஆதிகேசவன் இரண்டு போல்ட்டையும் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். விரலில் வெள்ளையாக உப்பு ஒட்டியது.

“அவனுக்கு... இது தெரியுமா?”

“நான் எடுக்கறப்ப பக்கத்துல நின்னு டார்ச் அடிச்சதே அவன்தான்.”

“அப்புறம் ஏன் பாய் சொல்லல? அவ்ளோ திட்டினேனே. அடிக்கக்கூடச் செஞ்சேன். வாயத் தொறக்கலியே அவன்!”

“உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டயும் சத்தியம் வாங்கினான். ஞாயித்துக்கெழம அவன் அண்ணன் இல்லாம ஒக்காரக் கூடாதுன்னுதான் இப்ப மீறுறேன்.”

போன் மறுபடி அடித்தது. சூர்யாதான். அதை எடுக்கவும் முடியாமல், கட் செய்யவும் முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார் ஆதிகேசவன்.

பாய் மெதுவாகச் சொன்னார்:

“‘எம்மேல கோவம்னா அண்ணன் என்னிக்காவது மன்னிச்சிடுவாரு பாய். பாப்பா கால் தான் ஏத்தின உப்பாலதான் போச்சுன்னு தெரிஞ்சா, தன்ன மன்னிக்கவே மாட்டாரு’ன்னான்.”