கீழே ஒரு ஆள்

திருப்பனந்தாளில் மழை விட்டபாடில்லை. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வின் முடிவு வரும் நாள். குணசேகரன் செல்போனும் கையுமாகக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"செத்த உக்காருங்க. போன தடவையைவிடக் கூடத்தான் வரும்," என்றாள் மனைவி மாலதி.

இந்த முறை அவளையும் எழுத வைத்தது அவன்தான். "கல்யாணம் ஆனா படிப்பு போயிடணுமா?" என்று அவனே விண்ணப்பித்துக் கொடுத்தான். இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று மாலதியின் அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவள் அடுப்படியிலேயே புத்தகத்தைத் திறந்து வைத்துப் படித்தாள்.

முடிவு வந்தது. அவனுக்கு எழுபத்தெட்டு பர்சென்டைல்.

"போன வருஷமும் இதேதான். உன்னைய எழுத வச்சும் ஏறலையே," என்று போனைக் கட்டிலில் எறிந்தான்.

"நான் எழுதினா உங்களுக்கு எப்படிங்க ஏறும்?"

ஆத்திரத்தில் உண்மை வந்துவிட்டது. "நமக்குக் கீழ எத்தனை பேருங்கற கணக்குதானே பர்சென்டைல். கீழ ஒரு ஆள் கூட இருக்கட்டும்னுதான் உன்னைய எழுதச் சொன்னேன்."

மாலதி கையைத் துடைத்துக்கொண்டு தன் முடிவைத் தேடி எடுத்தாள். தொண்ணூற்று மூன்று. போனை அவன் பக்கம் திருப்பினாள்.

"உங்க கணக்கு சரிதாங்க. கீழ ஒரு ஆள் கூட இருந்தது எனக்கு உதவியிருக்கு."