இடம் மாறிய இரண்டு எண்கள்

அலுவிகாரையிலுள்ள வீட்டின் முன்னறையில், பிற்பகல் வெயில் மடிக்கணினித் திரையில் விழுகிறது. திரையில் ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தின் கூட்டம் நடக்கிறது. அணுக்கரு இணைவு உலையைச் சூடாக்கும் துகள் கற்றையை அங்கே முதலில் ஒரு செப்புத் தகட்டில் பாய்ச்சிப் பார்ப்பார்கள். தகட்டுக்குப் பின்னாலுள்ள வெப்ப உணரிகள், கற்றை எங்கே விழுந்தது என்று காட்டும். போன மாதம் கற்றை சாய்ந்திருப்பதாகக் காட்டியதால் இயந்திரத்தையே திறந்துவிட்டார்கள். கற்றை நேராகத்தான் இருந்தது. உணரிகளுக்கு வயர் பொருத்திய மார்த்தா இப்போது ஏச்சு வாங்கி, வயர்களை மாற்றிப் பொருத்திவிட்டதாகத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறாள். வீட்டிலிருந்தே கூட்டத்தில் சேர்ந்திருக்கும் நிப்லாவின் மடியில், மார்த்தா பார்த்து வயர் பொருத்திய அட்டவணை இருக்கிறது. நிப்லா தயாரித்த அந்த அட்டவணையில் பதினான்காம் உணரியும் நாற்பத்தோராம் உணரியும் இடம் மாறிக் கிடக்கின்றன. நிப்லா அதைக் காலையிலேயே கண்டுவிட்டாள். கமராவுக்கு எட்டாத நாற்காலியில் அவளுடைய வாப்பா, யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும், இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்.

நிப்லா மைக்கைத் திறக்கிறாள். பிழை தன்னுடையது என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள். மார்த்தா நிமிர்ந்து பார்க்கிறாள். கூட்டம் முடிகிறது.

"என்ன மகள், பாராட்டினாங்களா?" ஆங்கிலம் தெரியாத வாப்பாவின் முகம் மலர்ந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் சொன்னதை இப்போது தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது. "இல்ல வாப்பா. நான் செஞ்ச பிழைக்கி இன்னொருத்தி ஏச்சு வாங்கினா. நான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

வெளியே கண்டி பஸ் ஒன்று இரைந்து போகிறது. வாப்பா சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மேசையில் நிப்லாவின் கைபேசி அதிர்கிறது. அழைப்பது மார்த்தா.

"எடுங்க," என்கிறார் வாப்பா.

அவர் எழுந்து உள்ளே போவார் என்று நிப்லா காத்திருக்கிறாள். அவர் போகவில்லை. அவர் கண்முன்னாலேயே அழைப்பை எடுக்கிறாள்.