காட்டிக்கொடுக்கும் சாஃப்ட்வேர்

"நெட்வொர்க்கைக் கண்காணிக்க மூணு சாஃப்ட்வேர் சொன்னியே, எது நல்லது?" என்றார் முதலாளி.

"இதுதான் சார். கம்பெனி வைஃபைல எந்த போன் வந்து சேர்ந்தாலும் அந்த நொடியே காட்டிக்கொடுத்துடும்," என்றான் இன்ஜினியர்.

"வாங்கிடு. நான் இல்லாதப்போ நெட்டுல படம் பாக்கிறவன் எவன்னு தெரிஞ்சாகணும்."

ஒரு மாதம் ஓடியது. ரிப்போர்ட்டில் ஒரு படம்கூட இல்லை. முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் எப்போது வந்து நின்றாலும், அலுவலகமே கம்ப்யூட்டரில் மூழ்கிக் கிடந்தது.

"பாத்தியா, பயம்!" என்று இன்ஜினியரின் முதுகில் தட்டிய முதலாளி, அந்த சாஃப்ட்வேருக்கு அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

கார் தெருமுனையில் திரும்பியதும், ரிசப்ஷன் அக்கா கீபோர்டுக்கு அடியிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தாள். மற்றவர்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"தம்பி, மனுஷன் திடீர்னு திரும்பி வந்துட்டா?"

"தைரியமா சீட்டைப் போடுக்கா. கார் கேட்டுக்குள்ள நுழையறப்பவே அவர் போன் நம்ம வைஃபைல சேர்ந்துடும். உடனே நம்ம எல்லார் போனும் அதிரும். காட்டிக்கொடுத்துடும்னு அவர்கிட்டயே சொல்லித்தானே வாங்கினேன்!"