மூன்று விரல்

அரங்கமே எழுந்து கைதட்டியபோது, தட்டாமல் உட்கார்ந்திருந்தது கற்பகம் ஒருத்திதான். வலது கையை முந்தானைக்குள் சுருட்டி, இடது கையால் அதை இறுக்கிப் பிடித்திருந்தாள். எதையோ திருடி வைத்திருப்பவள் மாதிரி இருந்தது.

"என்னக்கா, கல்லு மாதிரி இருக்கே? ஜெயிச்சது உம்மவ! தட்டுக்கா!" என்று பக்கத்திலிருந்த மூக்கம்மாள் விலாவில் இடித்தாள். இருவரும் கொச்சி மட்டாஞ்சேரி மிளகுக் குடோனில் ஒன்றாக வேலை செய்பவர்கள். இன்று லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

"தட்டுறேன், தட்டுறேன்" என்றாள் கற்பகம். கை வெளியே வரவில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான டி.வி. க்விஸ், மாவட்ட இறுதிச் சுற்று. ஜெயிக்கிற பிள்ளைக்குக் காலேஜ் படிப்பு முழுக்க சேனல் செலவு. மகா ப்ளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கு மேலே படிக்க இதை விட்டால் வேறு வழி கிடையாது, அது தாய்க்கும் தெரியும் மகளுக்கும் தெரியும்.

ஆரம்பத்திலேயே பெண்ணுக்குப் படபடப்புதான். "அம்ம எவிடயா மோளே?" என்று தொகுப்பாளர் கேட்டதற்கு, மூன்றாவது வரிசையில் இருந்த அம்மாவை விட்டுவிட்டு, இடது மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு மீசைக்காரரைக் காட்டினாள். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. பயத்தில் தடுமாறுகிறாள் என்றுதான் கற்பகம் நினைத்தாள்.

அதற்கப்புறம் பெண் சமாளித்துக்கொண்டாள். தேவரா என்ற பக்கத்து ஏரியாப் பையன் சுதீரும் அவளும் கடைசிக் கேள்வி வரை சமம். அந்தக் கேள்விதான் வினையாக வந்தது: வெள்ளை மிளகு எப்படிக் கிடைக்கிறது? நான்கு விடைகள் திரையில் வந்தன. பழுத்த மிளகை ஊறவைத்துத் தோலை உரிப்பது என்பது மூன்றாவது.

அட, பதினெட்டு வருஷமாகக் கற்பகம் செய்கிற வேலை!

குடோனில் தூசிக்கு வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். பேச்செல்லாம் விரலில்தான். பள்ளிக்கூட லீவுக்குக் கூட வந்து நிற்கும் மகாவுக்கும் அந்த விரல்பேச்சு அத்துப்படி. மேடையில் மகா யோசித்தபடி இந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். கற்பகத்தின் கை தானாக நெஞ்சுக்கு ஏறி மூன்று விரலை நீட்டிவிட்டது.

"மூணாமத்தது" என்றாள் மகா.

இப்போது மேடையில் சுதீர் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா ஓடிப்போய் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கற்பகத்தால் அதைப் பார்க்க முடியவில்லை. அடிப்பாவி, ஊரான் பிள்ளை வாயிலிருந்து பிடுங்கிவிட்டாயே என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தாள்.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் வெங்கிடேஸ்வரன் பாலக்காட்டுத் தமிழர். மேடை ஓரத்தில் வயர்களுக்கு நடுவே அவரைப் பிடித்தாள்.

"சார், எம்மவளுக்குக் கடைசிப் பதிலை நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவர் சிரித்துவிட்டார். "நீங்களா? ஹால்ல ஒரு சத்தமும் கேக்கலையே!"

"வாயால இல்ல சார். விரலால. எங்க குடோன் வழக்கம்."

அவர் சிரிப்பு நின்றது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆரும் பாக்கலை. கேமராவிலயும் வரலை. பேசாம வெளியில போய் ஒரு சாயா குடிங்கோ."

"அந்தப் பையன் அழுவுறான் சார். எனக்கு எப்படி சாயா எறங்கும்?"

அவர் பெருமூச்சு விட்டார். அவள் கழுத்தில் தொங்கிய பாஸைத் திருப்பி, பின்னால் மலையாளத்தில் அச்சடித்திருந்ததை வாசித்துக் காட்டினார். "கூட வந்தவா ஜாடை காட்டினா, அந்தக் குட்டிக்கு மேட்ச் போயிடும். வேற பேச்சே கிடையாது. நன்னா ஆலோசிச்சுச் சொல்லுங்கோ."

"ஆலோசிச்சிட்டேன் சார். எழுதிக்குங்க."

கால் மணி நேரத்தில் அறிவிப்பு வந்தது. கோப்பை சுதீரின் கைக்குப் போனது. கற்பகம் வாசலுக்கு வந்து நின்றாள். அழுகை வந்தது, ஆனாலும் நெஞ்சில் வைத்த பாறாங்கல்லை யாரோ இறக்கிவிட்ட மாதிரி இருந்தது.

மகா வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"நீயே போய்ச் சொன்னியாமே? ஏம்மா அப்படிச் செஞ்சே?"

"திட்டிக்கோடி, நல்லாத் திட்டிக்கோ. நம்ம உழைப்புல வராத ஒண்ணு நமக்கு வேணாம் கண்ணு. தப்பு என்மேலதான். உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"என்ன தப்பு? எனக்குத் தெரிஞ்ச பதிலைத்தானே சொன்னேன்?"

"எங்கிட்ட ஏன்டி மறைக்கிறே? என் விரலைப் பாத்துத்தானே சொன்னே?"

"எந்த விரலு?"

கற்பகம் மூன்று விரலை நெஞ்சருகே தூக்கிக் காட்டினாள்.

மகா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"லைட்டு கண்ணுல அடிக்கும்மா. மேடையிலேருந்து பாத்தா, ஹால் பூரா இருட்டு."