ஒன்பதாவது பாட்டு

"இந்த ஒண்ணை மட்டும் எடுத்துடுங்க" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். பேனாவை எடுத்து, பட்டியலில் ஒன்பதாவது பாட்டின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

இசைக் கம்பெனி அதிகாரிக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"சார், பாடகரோட பாட்டுத் தொகுப்புல ரெண்டாவது சிடிக்கு உயிரே அதுதான். முதல் சிடியில ஹிட் பாட்டெல்லாம் வருது, அது எல்லார் வீட்லயும் இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்காததுன்னு சொல்லித்தான் ரெண்டாவதை வெளியிடறோம். குடைப் பாட்டு பிறந்த அன்னிக்கு ஒத்திகை அறையில எடுத்த டேப் சார் அது!"

"மத்த எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டுட்டேனே. இது வேண்டாம்."

"பாடகர் வீட்ல சம்மதிச்சுட்டாங்க. டேப்ல இருக்கிற இன்னொரு ஆள் நீங்கதான். நீங்க சரின்னு சொல்லாம வெளியிட முடியாது."

"அப்ப வெளியிடாதீங்க."

கடைக்காரர் குனிந்து, மூக்குக் கண்ணாடி ஒன்றின் காதுக்கம்பியைத் திருப்புளி வைத்து முடுக்க ஆரம்பித்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு காலத்தில் இவர் கிடார் வாசித்தவர். பாடகர் சுருள்முடியும் இவரும் ஒரே குழு. மேடையில் வாயே திறக்கமாட்டார் என்பதால் குழுவில் இவருக்குப் பெயர் ஊமை. குடைப் பாட்டு வந்த வருஷம் கல்யாண வீடு, டீக்கடை, பஸ் எங்கே திரும்பினாலும் அதுதான். ஒரே குடைக்குள் இரண்டு பேர் நனைந்துகொண்டே போகிற பாட்டு. டெலிபோன் ஆபீஸில் ஆபரேட்டராக இருந்த இவள்கூட, லைன் கொடுக்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம் அதைத்தான் பாடிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாட்டோடு இவர் குழுவை விட்டு வந்துவிட்டார். சுருள்முடி புகழில் எங்கேயோ போய்விட்டார்.

அதிகாரி படியிறங்குவதற்குள் அவள் பின்னாலேயே ஓடினாள்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. கூட இருந்தவன் பெரிய ஆளாயிட்டானேன்னு வயித்தெரிச்சல், வேற என்ன? நான் பேசிப் பார்க்கிறேன். அந்த டேப்பைக் கொஞ்சம் கேட்கலாமா?"

அதிகாரி போனையும் இயர்போனையும் நீட்டினார். "நானே முழுசா கேட்கலைம்மா. முதல் அரை நிமிஷம் கேட்டேன், மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. பட்டியல்ல சேர்த்துட்டேன்."

படிக்கட்டிலேயே உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டாள்.

இரைச்சல். நாற்காலி நகரும் சத்தம். யாரோ சிரிக்கிறார்கள். பிறகு ஒரு முனகல், வார்த்தை இல்லாமல், வெறும் மெட்டு.

ஒரு 'ஹலோ'விலேயே ஆளைக் கண்டுபிடிக்கிற காது அவளுடையது. ஆனால் இதற்கு அந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் தேவைப்படவில்லை. தினமும் காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடி முன் நின்று முனகுகிற அதே குரல்.

குடைப் பாட்டு. முதலிலிருந்து கடைசி வரை. நடுவில் ஓரிடத்தில் மேலே போய், சட்டென்று இறங்கி, கேட்கிறவர் தொண்டையை அடைக்குமே, அதுவும் அப்படியே.

பிறகு சுருள்முடியின் இளம் குரல்: "டேய் ஊமை, எங்கேருந்துடா பிடிச்சே இதை? இன்னொரு வாட்டி முனகு, எழுதிக்கிறேன்."

'இசையும் குரலும் சுருள்முடி' என்றுதான் இத்தனை காலமும் எல்லா அட்டையிலும் அச்சாகியிருக்கிறது.

போனை அதிகாரியிடம் கொடுத்து, "அஞ்சு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

"அது உங்க மெட்டா?"

அவர் நிமிரவில்லை. "கேட்டுட்டியா?"

"என்கிட்டகூட சொல்லலையே!"

"சொல்லியிருந்தா நீ அவன் வீட்டு வாசல்ல போய் நின்னிருப்பே."

"நின்னிருப்பேன்தான்! மானத்தை வாங்கிட்டுத்தான் வந்திருப்பேன்!"

"எனக்கும் கோபம் இருந்துச்சு. பதினொரு வருஷம் அவன் முகத்துலயே முழிக்கல. அப்புறம் ஒருநாள் கண்ணாடி மாத்தணும்னு இந்தக் கடைக்கே வந்தான். அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து அழுதான். 'எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்டா'ன்னான். சொல்லல. நாளைக்கு, நாளைக்குன்னு போயிடுச்சு."

"இப்பத்தான் டேப்பே சொல்லுதே! அந்தக் கோட்டை அடிச்சுட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க. உங்க பேரும் நாலு பேருக்குத் தெரியட்டும். இந்த வயசுலயாவது தெரியவேண்டாமா?" அவள் வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "வயித்தெரிச்சல்னு நானே வெளியில சொல்லிட்டு வந்துட்டேங்க."

"சொன்னா சொல்லிட்டுப் போ."

"விளையாடாதீங்க. நீங்க போடலைன்னா நானே போய்ச் சொல்லுவேன்."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"போன வாரம் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். ஞாபகமெல்லாம் போயிடுச்சு. பெத்த பொண்ணையே யாருன்னு கேக்கிறான். என்னைப் பார்த்து 'உட்காருங்க சார்'ங்கிறான்."

அவள் கல்லா ஓரமாய் உட்கார்ந்தாள்.

"அப்ப ரேடியோவுல குடைப் பாட்டு வந்துச்சு. முகமெல்லாம் பூத்துப்போய், என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, 'சார், இது நான் போட்ட மெட்டு'ன்னான். அவன்கிட்ட மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கச் சொல்றியா?"