கஸ்பாரின் கடைசிப் படம்

புருஷன் செத்து வருஷப் பூசைகூட இன்னும் வைக்கவில்லை. அமலோற்பவம் டூரிஸ்ட்காரர்களுக்குச் சிரித்த முகமாக மீன் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

ஊர் முகப்பில் மாதா சுரூபம் வைத்த கல்குகையான கெபியைத் தாண்டி வந்த ஃபிராங்க்ளினுக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கூடப்பிறந்த தங்கச்சி என்றும் பார்க்காமல் கத்தினான்.

“ஏளா, ஒனக்கு வெக்கமா இல்ல? ஒம் புருஷனக் கொன்ன கூட்டத்துக்கா மீன் பொரிச்சுப் போடுத?”

“சாப்பிட வந்தவங்க முன்னால சத்தம் போடாதண்ணே” என்று மட்டும் சொன்னாள்.

கோயம்புத்தூரிலிருந்து வேனில் வந்திருந்த ஏழெட்டுப் பேர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். தொப்பி போட்ட ஒரு பெண் மட்டும் ஃபிராங்க்ளினை ஏறிட்டுப் பார்த்தாள்.

அந்த ஊருக்கு டூரிஸ்ட்காரர்கள் ஒரு காலத்தில் வேண்டாதவர்கள் இல்லை. திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டுப் பிள்ளைகுட்டிகளோடு வருவார்கள், சிப்பி மாலை வாங்குவார்கள், போட்டில் ஒரு சுற்றுப் போவார்கள். கருவாடு காயப்போடும் பெண்களைக் கேட்காமல் படம் எடுத்தாலும், மணலில் பாட்டிலை உடைத்துப் போட்டாலும், ஊர் முணுமுணுத்துக்கொண்டே பொறுத்துக்கொண்டது. அமலோற்பவத்தின் புருஷன் கஸ்பார் போனதோடு அந்தப் பொறுமையும் போய்விட்டது.

கஸ்பார் சங்கு குளிக்கிறவன். டூரிஸ்ட்காரர்கள் வேடிக்கை பார்ப்பதற்காக, பழைய முறையில் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிச் சங்கு எடுத்துக் காட்டுவான். மேலே படகில் கயிறு பிடிப்பது ஃபிராங்க்ளின். அந்தக் கரையில் காலங்காலமாக அப்படித்தான். கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். தங்கச்சி தாலி கயிற்றின் அந்த முனையில் இருக்கும்போது எந்த அண்ணன் கையை விடுவான்?

கீழே இருந்து ஒரு சுண்டு சுண்டினால் உடனே இழுக்க வேண்டும். போன மே மாதம், கடலடிப் பாறையில் கிடந்த பழைய வலையில் கஸ்பாரின் கால் சிக்கிக்கொண்டது.

“போட்டோவுக்குன்னு ஒரு பய எங் கையில இருந்து கயித்தப் புடுங்கிட்டான். மச்சான் சுண்டுனது அந்தப் பயலுக்குத் தெரியல” என்று ஊர்க்கூட்டத்தில் ஃபிராங்க்ளின் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அன்றைக்கே ஊர் முடிவெடுத்தது. கெபியைத் தாண்டி ஊருக்குள் டூரிஸ்ட் வண்டி வரக்கூடாது, அவர்களை யாரும் போட்டில் ஏற்றக்கூடாது.

அதன்பிறகு ஃபிராங்க்ளின் ஆளே மாறிவிட்டான். கோயிலில் பூசை நேரத்தில்கூட அவனுடைய வலது கை திடீரென்று வெட்டி இழுக்கும், யாரோ கீழே இருந்து சுண்டியதுபோல. இடது கையால் மணிக்கட்டை அமுக்கிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பான். மச்சான்மேல் உயிரையே வைத்திருந்தான் பாவம் என்று ஊர் உச்சுக்கொட்டியது.

அமலோற்பவம் மட்டும் ஊரோடு ஒட்டவில்லை. கெபிக்கு வெளியே மெயின் ரோட்டில் ஓலைக் கொட்டகை போட்டு, வருகிற டூரிஸ்ட்காரர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். “போன மே மாசம் இங்கன வந்திருந்தியளா? எடுத்த படம் இருந்தா காட்டுங்களேன், எங்க வீட்டுக்காரர் முகம் இருக்கான்னு பாக்கேன்.” கல்யாணப் படத்தை விட்டால் அவளிடம் கஸ்பாரின் படம் வேறு கிடையாது.

“ஊர்க் கமிட்டியில முடிவாயிட்டுளா” என்றான் ஃபிராங்க்ளின். “நாளைக்குக் கொட்டகையப் பிரிக்கணும். இல்லன்னா ஒன்னத் தள்ளி வச்சிருவாங்க. நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் ஒன் வாசல் மிதிக்க மாட்டாங்க.”

“பிரிச்சிருதேண்ணே. இனிமே இது எனக்கு வேண்டாம்.”

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று அவன் நினைக்கவில்லை. அமலோற்பவம் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, தொப்பிக்காரப் பெண்ணிடம் போய் அவளுடைய போனை வாங்கி வந்தாள்.

“இந்த அக்காவும் அன்னைக்கு ஒங்க போட்லதான் இருந்தாகளாம். ஒம் மச்சானோட கடைசிப் படம் கெடச்சிட்டுண்ணே. நீயும் ஒரு தடவ பாரு.”

ஃபிராங்க்ளின் வேண்டாம் என்று சொல்வதற்குள் போனில் கஸ்பார் உயிரோடு வந்து நின்றுவிட்டான். இடுப்புக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு, படம் எடுத்தவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடலில் குதித்தான்.

“போதும்ளா, நிறுத்து.”

அவள் நிறுத்தவில்லை. படம் படகுக்குள் திரும்பியது. யாரோ கொடுத்த கூலிங்கிளாஸை மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, ஃபிராங்க்ளின் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

இங்கே அவனுடைய வலது கை வெட்டி இழுத்தது. அமலோற்பவம் அந்தக் கையைப் பிடித்து, அதன் ஒரு விரலைப் போனின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தாள். ஆடுகிறவனின் முதுகுக்குப் பின்னால் படகின் குறுக்குப் பலகை தெரிந்தது. அதில் ஏதோ கட்டியிருந்தது.

“கயிறு சுண்டுது, பாருண்ணே.”