துல்லியமான இடம்

ஒரு ஹைட்ரஜன் அணுவுக்குள் புரோட்டானும் அவர் மனைவி எலெக்ட்ரானும் குடித்தனம் நடத்தினார்கள்.

"இப்போ எங்கே இருக்கே?" என்று புரோட்டான் நாள் முழுக்கக் கேட்பார்.

"உங்களைச் சுத்தி எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா இருக்கேங்க."

இதெல்லாம் ஒரு பதிலா? பெண்டாட்டி மேகம் மாதிரி பரவிக் கிடந்தால் எந்தப் புருஷனுக்குத் தூக்கம் வரும்? சாதாரண வெளிச்சத்துக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரியும் என்று, முரட்டுக் காமா கதிர் ஒன்றை வேவு பார்க்க அனுப்பினார்.

அது மூச்சு வாங்கத் திரும்பி வந்தது. "துல்லியமா பார்த்துட்டேன் சார். உங்க வலப்பக்கம், ரொம்பக் கிட்டத்திலேதான் இருந்தாங்க."

"இருந்தாங்கன்னா?"

"மோதாம எப்படி சார் பார்க்கிறது? மோதின வேகத்துல அணுவை விட்டே போயிட்டாங்க."

புரோட்டான் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒருவழியாக நிம்மதியானார். அவள் எங்கே இருந்தாள் என்பதில் இனி அவருக்குச் சந்தேகமே இல்லை.